பிய்ந்த அடைகள்

ஃபெலிக்சாஸ் முப்பத்தாறு வருடம் டெலிபோன் கம்பம் ஏறியவர். பிர்ஜாய் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் அவர் கை படாத கம்பி குறைவு. காலில் இரும்புக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, பனிக்காலத்தில் விரல் விறைக்க விறைக்க, ஊரார் பேசுவதற்காக உழைத்தார். அவரோ போனை எடுத்தால் ஒரு நிமிடம் தாண்டமாட்டார். "சரி", "ஆகட்டும்", "வச்சிடறேன்". இந்த மூன்றுக்குள் உலக விஷயம் எல்லாம் அடங்கிவிடும்.

மனைவி ஸ்டெஃபா அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அவர் கம்பத்தின் உச்சியிலிருந்து லைனைச் சோதிக்கக் கூப்பிடும்போது, "கேக்குது" என்று மறுமுனையில் பதில் சொன்ன குரல் அவளுடையது. மூன்று வருடம் அதைத் தவிர இருவரும் அதிகம் பேசியதில்லை. கடைசியில் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதும் அவள்தான். "இப்படியே கம்பத்து மேலேருந்து கத்திக்கிட்டே இருக்கப் போறியா, இல்ல கீழ இறங்கி வந்து எங்கப்பாகிட்ட பேசப் போறியா?" அவர் இறங்கிப் போனார். அவள் அப்பாவிடமும் "சரி", "ஆகட்டும்" தான்.

நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் எதையும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. உப்பு குறைந்தால் அவர் முகத்தைப் பார்த்தே ஸ்டெஃபா உப்பை நகர்த்திவைப்பாள்.

அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது மகள் இங்கிரிதாவுக்கு நார்வேயில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆகஸ்ட் மாதம் ஸ்டெஃபா பெட்டி கட்டினாள். பேருந்து நிலையத்தில், "மூணு மாசம். இருந்துக்குவியா?" என்று கேட்டாள்.

"போ, போ. நான் பாத்துக்கறேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மூன்று மாதம் ஐந்தானது, ஐந்து எட்டானது. குழந்தைகளுக்குச் சளி, பிறகு பல் முளைக்கும் காய்ச்சல், பிறகு மருமகனுக்குக் கப்பலில் வேலை. ஒவ்வொரு முறையும் போனில் ஸ்டெஃபா காரணத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த இடைவெளியில் ஃபெலிக்சாஸ் "ஆகட்டும்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவள் போன மூன்றாம் மாதம், நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியும் தொத்திறைச்சியும் தின்று தின்று நாக்கு செத்துப்போய், அவர் உருளைக்கிழங்கு அடை சுடுவதென்று முடிவுசெய்தார். அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார். கிழங்கைச் சீவி, துருவியின் மிகப் பொடியான பக்கத்தில் தேய்த்து, துணியில் கட்டிப் பிழிந்து, முட்டையும் உப்பும் போட்டுச் சுடவேண்டியதுதானே. நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது தட்டை, அடுப்பை அல்ல.

விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. துருவல் சாம்பல் நிறமாகிக் கறுத்தது. பிழிந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுச் சுட்டார். ஒவ்வொரு அடையும் திருப்பும்போது நாலாகப் பிய்ந்தது. முட்டிக் காயத்தை வாயில் வைத்துக்கொண்டே போனை எடுத்தார்.

"ஸ்டெஃபா, அடை பிஞ்சு பிஞ்சு போகுது."

"எந்த அடை? நீ சுடறியா?" அவள் சிரித்த சிரிப்பில் அங்கே ஒரு குழந்தை விழித்துக்கொண்டது. "பிழிஞ்ச தண்ணிய என்ன பண்ண?"

"கொட்டிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அடியில வெள்ளையா மாவு படிஞ்சிருக்குமே, அதையும் சேத்தா?"

"அது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"அதுதான் அடையைக் கட்டிப்பிடிச்சு வைக்கிறது. பத்து நிமிஷம் அசையாம வையி, மேல இருக்கற தண்ணிய மட்டும் வடி, அடியில இருக்கறதச் சுரண்டித் துருவலோட போடு. நாப்பது வருஷம் என் பக்கத்துல உக்காந்திருந்து என்னத்தப் பாத்த?"

அன்றைக்கு அவர்கள் இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். போனை வைத்தபிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. கையிலிருந்த கருவியை, பழுது பார்க்கப்போகிறவர்போல, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு கறுத்துப்போவதைப் பற்றிக் கேட்டார். கிழங்கோடு வெங்காயத்தை மாற்றி மாற்றித் துருவச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு கொழுப்பின் சூடு. பிறகு உப்பை எப்போது போடுவது. ஒவ்வொரு பாடத்தோடும் வேறு பேச்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. மழை, இரட்டைகளில் பெரியவன் எதையும் கடிக்கிறான் என்பது, நார்வேக்காரர்கள் உருளைக்கிழங்கை வெறுமனே வேகவைத்துத் தின்று ஒரு நல்ல பொருளைப் பாழாக்குகிறார்கள் என்பது. பேத்தி அழுதால், "இரு, உங்க தாத்தா அடுப்போட சண்டை போட்டுட்டிருக்காரு, பாக்கலாம்" என்று போன் திரையைக் குழந்தை பக்கம் திருப்புவாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அடை சரியாக வந்துவிட்டது. ஓரமெல்லாம் சரிகை போல முறுகி, நடுவில் மெத்தென்று, திருப்பினால் முழுசாகத் திரும்பியது. ஃபெலிக்சாஸ் அடுப்பின் முன் நின்று அதைப் பார்த்தார். சந்தோஷம் வந்தது. சட்டென்று ஒரு பயமும் வந்தது. இதைச் சொன்னால் அவள், "நல்லது, இனி நீயே பாத்துக்குவ" என்பாள். அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கும்? தானே சமைத்துத் தானே தின்கிற மனிதனிடம் ஒருத்தி எதற்காகத் திரும்பி வரவேண்டும்?

அன்று போனில், "பிஞ்சுபோச்சு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் எண்ணெய் குடித்தது என்றார். ஒரு வாரம் உள்ளே வேகவில்லை என்றார். ஜூலையில் புதுக்கிழங்கு வந்தது. புதுக்கிழங்கில் பிடிப்பு இருக்காது, யார் சுட்டாலும் பிய்யும். அந்த மாதம் முழுக்க உண்மையிலேயே பிய்ந்ததால் அவர் நிம்மதியாக இருந்தார்.

ஆகஸ்டில் இரட்டைகள் குழந்தைக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கின. இனி ஸ்டெஃபா வருவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் வரவில்லை. இந்தமுறை காரணமும் சொல்லவில்லை. செப்டம்பர் போனது. அவளுடைய கம்பளிக் கோட்டை வெளியில் எடுத்து வெயில் காட்டி மறுபடி அலமாரியில் மாட்டினார். கேட்கவில்லை.

பொய் சொல்வதற்காகச் சுட்ட நல்ல அடைகளை அவர் ஒருவராகத் தின்று தீர்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டு லெயோகாதியாவுக்கு ஒரு தட்டு போகும். கணவனை இழந்தவள், வாய்த்துடுக்கு. வேலிக்கு மேலாகத் தட்டை வாங்கி, அங்கேயே நின்று, புளித்த பாலேட்டில் தோய்த்துத் தின்பாள்.

"பக்கத்து வீட்டுக்காரரே, இப்படிச் சுடற ஆம்பளைய விட்டுட்டு அந்த ஸ்டெஃபா நார்வே மீன் நாத்தத்துல என்ன பண்றா?"

"பேரப் புள்ளைங்க."

"புள்ளைங்கதான் காப்பகத்துக்குப் போகுதாமே. நீங்க வரச் சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியாதா?"

"எது தெரியாதா? நீங்க என்னிக்காவது வாயத் தொறந்தீங்களா?" லெயோகாதியா விரலை நக்கினாள். "உங்களோட பேசறதுக்கு என் வீட்டு வேலிக்கம்பே மேல். அதுவாவது காத்தடிச்சா ஒரு சத்தம் போடும்."

ஃபெலிக்சாஸ் காலித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அக்டோபரில் தோட்டத்துக் கிழங்கைத் தோண்டினார். மஞ்சள் சதை, நல்ல மாவுப்பிடிப்பு, துருவும்போதே தெரிந்தது. ஞாயிறு பூசைக்குப் போய்வந்து சுட்டதில் ஏழும் முழுசாக வந்தன. அவற்றில் நாலை எடுத்து, அடைத்திருப்பியின் ஓரத்தால் குத்தி, துண்டு துண்டாக்கித் தட்டில் அடுக்கினார். முழு அடைகள் மூன்றையும் ஒரு மூடிக்குக் கீழே மறைத்தார். மிச்ச மாவு பாத்திரத்தில் இருந்தது. போனைச் சர்க்கரை ஜாடிமேல் சாய்த்துவைத்து அழைத்தார்.

ஸ்டெஃபாவின் முகம் வந்தது. பின்னால் ஜன்னலில் மழை.

"பாரு, இன்னிக்கும் இப்படித்தான்" என்று தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தோட்டத்துக் கிழங்கா?"

"ஆமா."

"தண்ணி வடிச்சியா? மாவு சேத்தியா?"

"எல்லாம் செஞ்சேன். திருப்பினா பிய்யுது."

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "இன்னும் கிட்ட கொண்டு வா. கிட்ட. ஒரு துண்ட எடுத்துக் காட்டு."

காட்டினார். அவள் அசையாமல் அதையே உற்றுப் பார்த்தாள். லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைத் தட்டினார்.

"ஃபெலிக்சாஸ்."

"என்ன?"

"பிஞ்ச இடம் வெள்ளையா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"வாணலியில பிஞ்சா, பிஞ்ச ஓரமும் எண்ணெயில சிவந்திருக்கும். இது சுத்திச் சிவந்திருக்கு, பிஞ்ச இடம் மட்டும் வெள்ளை. நல்லாச் சுட்டு எடுத்து வச்சதுக்கப்புறம் ஒடச்சிருக்க."

ஃபெலிக்சாஸ் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். உள்சதை பஞ்சுபோல வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது.

"எவ்வளவு நாளா இந்த வேல?"

"ஈஸ்டர்லேருந்து."

"ஈஸ்டரா! நான் என்னமோ இந்த மனுஷனுக்குக் கையில ஏதோ வந்துடுச்சு, புத்தி மங்குதுன்னு பயந்துபோய் இங்கிரிதாகிட்டகூடச் சொல்லிட்டிருந்தேன். ஒரு அடைய வருஷம் பூராக் கத்துக்க முடியாதவன் தனியா எப்படி இருப்பான்னு." பிறகு மெதுவாக, "எதுக்கு இப்படிச் செஞ்ச?" என்றாள்.

சொல்வதற்கு அவரிடம் இருந்த மூன்று சொற்களில் எதுவும் இங்கே பொருந்தவில்லை. துண்டைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நல்லா வந்துடுச்சுன்னு சொன்னா நீ போன வச்சிடுவ."

அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"அப்புறம் நீ வரவேண்டிய அவசியமே இல்லாமப் போயிடும்."

"அதனால அடைய ஒடச்ச."

"ஆமா."

"நான் இங்க என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா, கிழவா?" ஸ்டெஃபா கண்ணாடியைக் கழற்றினாள். "ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தச் சொல்லிட்டு, நீ 'வேணாம், வந்துடு'ன்னு சொல்லுவன்னு நின்னு பாப்பேன். நீ 'ஆகட்டும்'னுடுவ. புள்ளைங்க காப்பகம் போன அன்னிக்குக் காரணமும் தீந்துபோச்சு. சரி, சும்மா இருந்து பாப்போம், எப்பதான் கேக்கறான்னு பாப்போம்னு இருந்தேன். போ போன்னு பஸ் ஏத்திவிட்டவன்தானே நீ. வேண்டாத இடத்துக்கு எதுக்குத் திரும்பி வரணும்?"

"வேண்டாதன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ எதத்தான் சொன்ன?"

வெளியே லெயோகாதியாவின் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. ஃபெலிக்சாஸ் நாற்காலியை இழுத்து, போனுக்கு நேராக உட்கார்ந்தார்.

"எனக்கு அடை சுடத் தெரியும்" என்றார். "சட்டை தேய்க்கத் தெரியும். அடுப்புக்கு விறகு அடுக்கியாச்சு. மாத்திரையெல்லாம் வேளாவேளைக்குப் போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் குறையில்ல." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ வந்துடு, ஸ்டெஃபா. வந்துடு."

திரையில் அவள் முகம் நகர்ந்து, கொஞ்ச நேரம் மேல்கூரை மட்டும் தெரிந்தது. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. தூரத்தில் இங்கிரிதா "என்னம்மா, என்ன ஆச்சு?" என்பதும், "ஒண்ணுமில்ல, உங்கப்பா பேசறாரு" என்று அவள் சொல்வதும் கேட்டன.

திரும்பி வந்தபோது கண்ணாடி மாட்டியிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை விமானம் இருக்கு. விலை எப்படின்னு பாக்கச் சொல்றேன். இல்லன்னா அடுத்த வெள்ளி."

"இந்த வெள்ளி" என்றார் ஃபெலிக்சாஸ்.

அவள் சிரித்துவிட்டாள். "அடேயப்பா, வாய் தொறந்ததும் தேதியும் குறிக்கிற. சரி, அந்தப் பாத்திரத்துல மாவு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. லேசாக் கறுக்குது."

"எழுந்து போய் ஒண்ணு சுடு. நான் பாக்கணும். இந்தத் தடவ ஒடைக்காத."

அவர் வாணலியைச் சூடேற்றினார். கொழுப்பு உருகி ஓடியதும் ஒரு கரண்டி மாவை விட்டு மெல்லப் பரப்பினார். ஓரம் சிவக்கும்வரை காத்திருந்தார். பிறகு திருப்பியைக் கீழே செருகி ஒரே தள்ளில் திருப்பினார். முழுசாகத் திரும்பியது.

ஸ்டெஃபா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"நடுவுல கொஞ்சம் தடிமன்" என்றாள்.