வயிற்றோரத்துக் குழாய்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மகள், "அம்மா, குளிருது" என்றாள். பெங்களூரில் அது ஏப்ரல் மாதம். மருத்துவமனை அறையின் மின்விசிறியை நிறுத்தினேன். அப்படியும் அவள் பற்கள் கிட்டின. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

அவள் கணையத்தின் வால் பகுதியில் இருந்த கட்டியை, வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போட்டு எடுத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. தழும்பு தெரியாது என்பதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அறுவை மருத்துவர் மட்டும் வயிற்றோரம் தொங்கிய குழாயையே காட்டிக்கொண்டிருந்தார். "வெட்டின இடத்துல கணைய நீர் கசியும். வெளிய வந்துட்டா தொந்தரவு இல்ல. உள்ள தங்கிச்சுன்னா சீழ் பிடிக்கும், அப்புறம் வயித்தைத் திறக்கணும்." அதிலிருந்து குழாயின் நுனியிலிருந்த பையைப் பார்ப்பதே என் வேலையாயிற்று.

அன்று காலை ஓசூரிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். மகளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்த குடும்பமும் பார்க்க வருவதாகச் சொன்னார்.

"நைட்டியும் குழாயுமா கிடந்தா ஊரெல்லாம் பேச்சாயிடும். சுடிதார் போட்டுவிடலாம்."

"பைய எங்க வைக்கிறது அண்ணி?"

"போர்வைக்குள்ள கிடக்கட்டும். தூக்கிப் பாக்கவா போறாங்க?"

"பேசாம என்னையே கட்டிலுக்கு அடியில ஒளிச்சிடுங்க அத்தை" என்றாள் மகள்.

வந்தவர்கள் ஆரஞ்சு கொடுத்து, நலம் விசாரித்துப் போனார்கள். பிறகு பார்த்தால் பை காலி. "பாத்தியா, நின்னுடுச்சு! உள்ள ஆறிடுச்சு" என்றார் அண்ணி. எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. அப்போதுதான் அந்தக் குளிர் வந்தது.

பணியிலிருந்த மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்ததும் மகள் அலறினாள். அவர் ஸ்கேனுக்கு எழுதிவிட்டுத் தொலைபேசியில் பேசினார். "திறக்க வேண்டி வரலாம் சார்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருந்தோம். நேற்று வரை நிறைந்துகொண்டிருந்த பை ஒரே காலையில் எப்படி வறண்டது? போர்வையை விலக்கினேன். பையிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே மேலே போனேன். இடுப்பில், இறுகக் கட்டிய சுடிதார் நாடாவுக்கு அடியில் அது தட்டையாக மடிந்து கிடந்தது.

முடிச்சு அவிழவில்லை. குனிந்து பல்லால் இழுத்தேன். நாடா தளர்ந்ததும் குழாய் உப்பியது. பழுப்பு நீர் இறங்கிப் பையில் விழுந்தது.

"வருது! வருது!" எங்கள் ஈஜிபுரா தெருவில் தண்ணீர் வரும் நாளில் கத்துவதுபோலக் கத்தினேன்.

"குடத்தை எடுத்துட்டு வாம்மா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

பணி மருத்துவர் ஓடிவந்து பார்த்தார். "நல்லவேளை கண்டுபிடிச்சீங்க" என்றவர், ஸ்கேனை மட்டும் நிறுத்தவில்லை.

அவளை உள்ளே கொண்டுபோன பின், அண்ணி தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "நாந்தானே கட்டினேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் அறுவை மருத்துவர், அரங்கின் பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார். நான் எழுந்தேன்.

"பேடா" என்றார் முதலில், அவருடைய கன்னடத்தில். பிறகு தமிழில்: "திறக்க வேண்டாம்மா. தேங்கினதெல்லாம் குழாய் வழியாவே இறங்குது. காய்ச்சலுக்கு ஊசி போதும்."