யோகக் கழுதையின் கால்

எங்கள் பெரியப்பா எதையும் அரைகுறையாக நம்புகிறவர் இல்லை. நகரியில் தறி வைத்திருந்த பலரையும் போல அவரும் கொட்டகை வாசலில் ஒரு கழுதைப் படத்தை மாட்டியிருந்தார். ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று கீழே எழுதியிருக்கும். தினமும் அதன் முகத்தில் விழித்துவிட்டுத்தான் பவர்லூம் சுவிட்சைப் போடுவார். படத்துக்கே இவ்வளவு பலன் என்றால் உயிரோடு இருக்கிற கழுதைக்கு எவ்வளவு இருக்கும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. பாகாலா பக்கம் போனவர் மினிவேனில் ஒரு கழுதையோடு திரும்பி வந்தார்.

அப்போது எனக்கு எட்டு வயது. கழுதை என் மார்பு உயரம்தான் இருந்தது. குட்டி இல்லையாம், அந்த ஜாதியே அவ்வளவுதான் வளருமாம். இறங்கியதும் என் கையை மோந்து பார்த்துத் தும்மியது. இனி யார் வந்து கேட்டாலும் இதைத் தருவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ஊரில் மற்றக் கழுதைகளெல்லாம் பொதி சுமந்தன. எங்கள் கழுதைக்கு ஒரே வேலை, வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கு முகத்தைக் காட்டுவது. தரை அதன் காலை உறுத்துமே என்று தறியில் மிஞ்சிய கழிவுநூலை மெத்தை போலப் பரப்பிக் கொடுத்தோம். நெசவுக்காரர் வீட்டில் வேறு எதைப் பரப்புவார்கள்? அதற்கு நடக்கவேண்டிய அவசியமே வரவில்லை. குளம்பு நீண்டு நுனி மேலே வளைந்தது. எங்கள் கழுதை ராஜா செருப்பு போட்டிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது அத்தையும் எங்களோடு இருந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமா இறந்ததும் அவளை அழைத்து வந்து, ஒரு குறையும் வைக்காமல்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பெரியப்பா சேலைக் கட்டோடு திருப்பதிக்குக் கிளம்பும் காலைகளில், அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். யாரும் போகச் சொன்னதில்லை. எனக்கு அது கண்ணாமூச்சி. பெரியப்பா தெருமுனை தாண்டியதும் ஓடிப்போய்க் கதவை இழுத்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்துவேன். அவளும் தோற்றவள் போலக் கையை விரிப்பாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கழுதை எழுந்திருக்க மறுத்தது. தூக்கி நிறுத்தினால் ஒரு காலை ஊன்றாமல் நொண்டியது. நொண்டிக் கழுதை முகத்தில் விழித்தால் உள்ளதும் போய்விடும், வந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்றார் பெரியப்பா. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. நான் சோற்றை வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் பெரிய செய்தி. அப்பா பயந்துபோய், மாடுகளுக்கு லாடம் கட்டுகிறவர் ஒருவரை அழைத்து வந்தார்.

அவர் உளியை எடுத்ததும் நான் குறுக்கே விழுந்தேன். நகம் வெட்டினால் உனக்கு வலிக்குமா என்று கேட்டு என்னை நகர்த்தினார். ராஜா செருப்பு துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. அடியில், ஈரத்தில் ஊறி அழுகிய நூல் குளம்போடு ஒட்டியிருந்தது. நாங்கள் ஆசையாகப் பரப்பிய அதே நூல். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

“இன்னாண்ணா, கழுதய மெத்தையில வச்சிக்கினு செல்லம் கொஞ்சினீங்களா?” என்றார் அவர், அரத்தால் தேய்த்துக்கொண்டே. “தெனம் கல்லு ரோட்டுல நடக்கணும். நடந்தாதான் குளம்பு தேயும். உள்ளயே கட்டிவச்சா இதுக்குக் கால் இல்ல.”

யார் நடத்திக் கூட்டிப்போவது? படிக்காவிட்டால் கழுதை மேய்க்கத்தான் போவாய் என்று பிள்ளைகளைத் திட்டும் ஊரில், அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது சமையலறைக் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

“நான் இட்டுக்கினு போறேன்.”

அத்தைதான். பெரியப்பா தரையைப் பார்த்தபடி, காலையில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரமாயிற்றே என்று இழுத்தார். என் அம்மா யாரையும் பார்க்காமல், கழுதை நொண்டினால் யோகம் மட்டும் நேராக நடக்குமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். 

மறுநாள் முதல் அத்தை கயிற்றைப் பிடித்தாள். நான் பின்னால் நடந்தேன். தெருவில் ஒருவர் பைக்கை உதைக்கப் போனவர், அத்தையைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். பிறகு கழுதையைக் கண்டு மறுபடியும் திரும்பினார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அவர் தவித்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அத்தை முதல் வாரம் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு நடந்தாள். அடுத்த வாரம் வெயில் அவள் முகத்தில் நன்றாகப் பட்டது. கழுதையும் நாலு காலை ஊன்றி நடக்கத் தொடங்கியது.

ஒருநாள் காலையில் பெரியப்பா சேலைக் கட்டோடு கிளம்பினார். வாசலில் அத்தை உட்கார்ந்து, கழுதையின் முன்னங்காலை மடியில் வைத்துக்கொண்டு, குளம்பு இடுக்கில் சிக்கிய கல்லைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கனைத்தார். அத்தை எழுந்திருக்கவில்லை.

“கால தூக்கிக்கினு இருக்கேண்ணா,” என்றாள், தலை நிமிராமல். “நடுவுல உட்டா பயந்துக்கும். இன்னும் மூணு கால் கீது.”

பெரியப்பா வாட்சைப் பார்த்தார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. கழுதையின் முகத்தைப் பார்க்காமல் அவரால் படியிறங்க முடியாது. அந்த முகமோ அத்தையின் தோளில் சாய்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அத்த, ஒளிய மறந்துட்ட. நீ அவுட்டு,” என்று குதித்தேன்.

அத்தை சிரித்தாள். கழுதையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். ஆட்டத்தில் தோற்றவள் எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று விளங்காமல், நான் அடுத்த காலைத் தூக்கிக் கொடுத்தேன்.