புதுப்பட்டினத்து ஏழுமலைகள்

எழுபத்து நான்காம் வருஷம், மாசி மாதம். காலை ஏழரை மணிக்குச் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஆரணியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். வருஷத்துக்கு ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டு ஏதாவது ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். அந்த வருஷத்துக்கு மாமல்லபுரம் என்று முடிவு செய்திருந்தேன். நாற்பது வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை என்று மைத்துனன் கேலி செய்துவிட்டான். அதனால் கொஞ்சம் ரோஷமும் சேர்ந்த பயணம் இது.

மாமல்லபுரம் பஸ் என் கண்ணெதிரே போனது. இட்லிக்கு இரண்டாம் முறை சட்னி கேட்டதால் வந்த வினை. அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் ஒரு கண்டக்டர், "திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், புதுப்பட்டினம்! ஏறு, ஏறு!" என்று கூவினார்.

"மாமல்லபுரம் போகுமா?" என்றேன்.

"போவாது சார். புதுப்பட்டினத்துல எறங்கி வேற வண்டி மாத்திக்கோ. சுத்துதான். ஆனா ஒக்காந்துகினு போலாம்."

உட்கார்ந்துகொண்டு போகலாம் என்றால் நான் காசிக்குக்கூட ஏறிவிடுவேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

எனக்கு முன்சீட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவையே குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் அவள், "கல்பாக்கத்துல கட்டட வேல நடக்குதே, அந்த கேட்டாண்ட எறக்கி வுடுங்கண்ணா. எங்க வூட்டுக்காரு அங்கதான் வேல செஞ்சிகினு கீறாரு" என்றாள்.

"அங்க ஆயிரக்கணக்குல ஆளுங்க வேல செய்றாங்கம்மா. உங்க வூட்டுக்காரு பேரு இன்னா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அதே பெயர் கொண்ட வேறு ஆளையும் சொல்லமாட்டார்கள். கடையையும், வண்டியையும், மாட்டையும் சொல்லமாட்டார்கள். கண்டக்டருக்கும் இது தெரியும். பொறுமையாக நின்றார்.

"வாரத்துக்கு எத்தினி நாளு?" என்றாள் அவள்.

"ஏழு."

"திருப்பதி சாமி எதும்மேல கீறாரு?"

"மலமேல."

"ரெண்டையும் சேத்துக்கோங்க."

"ஏழுமலையா!" என்று கண்டக்டர் உரக்கச் சொன்னதும் பஸ்ஸில் மூன்று தலைகள் திரும்பின. அதில் ஒரு தலை என்னுடையது.

திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெறுகிற சீமை எங்களுடையது. தடுக்கி விழுந்தால் ஓர் ஏழுமலை மேல்தான் விழவேண்டும். ஆரணியில் என் தெருவில் மட்டும் நான், பால்காரர், செக்கு மாடு என்று மூன்று ஏழுமலைகள். மூவரில் கடுமையாக உழைப்பது மாடு என்பது என் மனைவியின் கட்சி.

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களும் அந்தப் பேரா?"

"ஆமாம்மா."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப கேட்டாண்ட நீங்க வந்து அவர கொஞ்சம் கூப்பிட்டுக் குடுங்கண்ணா. உங்க பேரத்தான சொல்லப் போறீங்க? அதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் விஷயத்தை முழுவதும் சொன்னாள். மறுநாள் காலை குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். மாமியார் சொந்தபந்தங்களோடு அஞ்சலையின் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவர்கள் குடும்பத்தில் தலைச்சன் ஆண்பிள்ளைக்கு எப்போதும் ஒரே பெயர்தான். மாமனாருக்கும் அதே பெயர், புருஷனுக்கும் அதே பெயர். இப்போது பிள்ளைக்கும் அதையே வைக்கப்போகிறார்கள்.

"அவங்க வெச்சிட்டுப் போயிடுவாங்க. நான் பெத்த புள்ளைய நான் பேரு சொல்லிக் கூப்பிட வேணாமா? ஆயுசுக்கும் 'டேய், டேய்'னே கூப்பிட்டுகினு இருக்கணுமா?" குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "அவரு ஒரு வார்த்த சொன்னா மாமியா கேட்டுக்கும். வேற யாரு சொன்னாலும் கேக்காது. இன்னிக்கு அவர கையோட கூட்டிகினு போவணும்."

என் பெயரால் ஒரு தாய்க்கு இவ்வளவு தொல்லை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கல் ரதங்கள் எங்கேயும் ஓடிப்போகாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

பத்து மணிக்குக் கட்டட வேலை கேட்டில் இறங்கினோம். காவலாளி குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு நின்றார். "வேல நேரத்துல யாரையும் வெளிய வுடமாட்டாங்க. அஞ்சு மணிக்கு வா" என்றவர், யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். "எந்த ஏழுமல? கம்பி கட்ற ஏழுமலையா, சல்லி அள்ற ஏழுமலையா, லாரி ஏழுமலையா?"

"கம்பி கட்றவரு" என்றாள் அஞ்சலை.

"அதுலயே எத்தினி பேரோ யாரு கண்டா."

ஐந்து மணிவரை என்ன செய்வது? ஆட்கள் பலர் புதுப்பட்டினத்தில்தான் குடியிருக்கிறார்கள், அங்கே விசாரித்தால் ஆள் எந்தப் பக்கம் வேலை செய்கிறான் என்றாவது தெரியும் என்று காவலாளி சொன்னார். நடந்தோம். சவுக்குத் தோப்புக்கு நடுவே மணல் பாதை. தோப்பு முடிந்த இடத்தில் திடீரென்று கடல் இருந்தது. ஆரணியில் உட்கார்ந்து நான் நினைத்திருந்ததைவிட அது பெரியது, சத்தம் அதிகம். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து அஞ்சலை சிரித்தாள். குழந்தை கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் என் பேனாவுக்குத் திரும்பியது. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டேன்.

புதுப்பட்டினத்துச் சந்தையில் ஏழுமலைக்குப் பஞ்சமே இல்லை. முதலில் ஒரு டீக்கடை, பெயர்ப்பலகையே ஏழுமலை. அதன் முதலாளி பெயர் கோவிந்தன். "அப்புறம் ஏன் அந்தப் பெயர்?" என்றேன். "கடைய வித்தவன் பேரு சார். பலகைய மாத்த ஏன் செலவு?" என்றார். அவர் ஒரு சைக்கிள் கடையைக் காட்டினார். அந்த ஏழுமலை, பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தாமலே மீன் ஏலம் விடும் ஏழுமலையிடம் அனுப்பினார். அந்தக் கிழவர் எங்களைப் பார்த்ததும் உஷாராகி, "இன்னா? ஏழுமல நான்தான். டப்பு எதுனா தரணுமா? வாங்கணுமா? தரணும்னா நான் அவன் இல்ல" என்றார். அவர் காலடியில் நெற்றியில் நாமம் போட்ட ஓர் ஆட்டுக்கடா மீன்கூடையை முகர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் தன் பெயர்தான் என்றார் கிழவர். அதை விரட்ட அஞ்சலை, "ஏய், இந்தா போ!" என்று மட்டும் சொன்னாள். ஏன் பெயர் சொல்லி விரட்டவில்லை என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இத்தனை அலைச்சலுக்கும் அவள் முகம் வாடவில்லை. எனக்குத்தான் பசி. ஒரு மெஸ்ஸில் சோறும் வஞ்சிர மீன் குழம்பும் சாப்பிட்டோம். கடலோரத்து மீனைச் சாப்பிட்ட பிறகு, ஆரணிக்கு ஐஸ் பெட்டியில் வருவதையும் மீன் என்று சொல்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. பரிமாறிய அம்மாள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் பேரு இன்னாடா ராஜா?" என்றாள். அஞ்சலை கையிலிருந்த உருண்டையை இலையிலேயே போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடியும் கேட். சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். சைக்கிளில் வந்தவர்கள், லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டவர்கள், சிமென்டுத் தூசியில் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறமாக நடந்து வந்தவர்கள். எல்லாத் தலையிலும் துண்டு. பெற்ற தாயே திணறவேண்டிய கூட்டம் அது. புருஷர்களையும் அண்ணன்களையும் எதிர்பார்த்துப் பத்துப் பதினைந்து பெண்கள் வேறு நின்றார்கள்.

"கூப்பிடுங்கண்ணா!" என்றாள் அஞ்சலை.

தொண்டையைச் செருமிக்கொண்டு என் பெயரையே நான் கத்தினேன். "ஏழுமலை!"

ஆறு பேர் நின்றார்கள். ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்ததில் இன்னொருவர் மேல் இடித்தார். அஞ்சலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இல்ல... இவரும் இல்ல..." என்றாள். மறுபடி கத்தினேன். அதே ஆறு பேர், இந்தத் தடவை கோபத்தோடு. "இன்னா சார், பேஜாரு பண்றியா?" என்றார் ஒருவர். கூட்டம் கரைந்துகொண்டே இருந்தது. திருக்கழுக்குன்றம் வழி கடைசி பஸ் ஆறரைக்கு. அவன் வேறு வழியாகப் போய்விட்டானோ, இன்று வேலைக்கே வரவில்லையோ என்று எண்ணிக்கொண்டு கூட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். அஞ்சலையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது அவள் குழந்தையை என் கையில் திணித்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்றாள்.

"இந்தாய்யா!"

பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் தங்கள் புருஷனைக் கூப்பிடுவது அந்த ஒரே வார்த்தையில்தான். ஆனால் தூரத்தில், கேட்டைத் தாண்டி முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில், ஒரே ஒரு தலை திரும்பியது. துண்டை உதறிவிட்டு அந்த ஆள் ஓடிவந்தான்.

"இன்னா அஞ்சல? புள்ளைக்கு இன்னா?" என்று மூச்சு வாங்கினான்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏம்ப்பா, இரண்டு தடவை தொண்டை கிழியக் கத்தினேனே, காதில் விழவில்லையா?"

"வுழுந்துச்சுண்ணா. அந்தப் பேருக்கு நான் திரும்பறதே இல்ல. காலைலேந்து யாராச்சும் கத்திகினேதான் கீறாங்க. ஒரு தபாகூட அது நான் இல்ல. இங்க என்னச் செங்கல்பட்டான்னுதான் கூப்பிடுவாங்க."

குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். சிமென்டுக் கன்னத்தில் அது தன் கையால் ஓர் அடி போட்டது. அஞ்சலை செங்கல் மேல் நின்றபடியே விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இம்மாந் தொலவு வந்த? சாமிக்கு ஆயிரம் பேரு கீது. அது கோச்சிக்காது. அம்மாதான் கோச்சிக்கும். அத நான் பாத்துக்கறேன்." மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வருவதாக ஓடினான். ஐந்தே நிமிஷத்தில், முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தான். சட்டை யாருடையதோ, தோளில் தொங்கியது.

பஸ்ஸுக்காக நிற்கும்போது, "சரி, இன்னா பேரு வெக்கலாம்?" என்றான்.

"ரவி" என்றாள் அவள். எவ்வளவு நாளாக உள்ளே வைத்திருந்தாளோ, சொல்லும்போதே வாய் இனித்தது தெரிந்தது.

"ரவியா? எங்க மேஸ்திரி புள்ள ரவி, பக்கத்து வூட்ல ரவி. இப்ப பொறக்குறதெல்லாம் ரவிதான் புள்ள. ஊரெல்லாம் கீது அந்தப் பேரு."

"இருந்துட்டுப் போவட்டுமே. நான் கூப்பிட்டா எவன் திரும்பணுமோ அவன் திரும்புவான்" என்றாள் அஞ்சலை. பிறகு குழந்தையின் காதோரம் குனிந்து "ரவி, ரவி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் பஸ் வந்தது. ஏறும்போது என் பேனாவைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்க முயன்றார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாமல்லபுரத்துக்கு நான் போய்ச்சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஐந்து கல் ரதங்களையும் சுற்றி வந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருப்பதாக அங்கிருந்த ஒருவர் விளக்கினார். அழகுதான். இன்னொரு தடவை, சட்னி கேட்காமல், நேர் பஸ்ஸில் வந்து பார்க்கவேண்டும். அன்று என் மனம் முழுவதும் அந்தச் செங்கல் அடுக்கிலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆரணி வந்தேன். தெருவில் பால்காரரின் மகன், "ஏழுமலை மாமா வந்தாச்சு!" என்று கூவினான். செக்கு மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது. வெயிலுக்காக வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"யாரு?" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

"நான்தான்" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது.