வான்கோழியும் எங்கள் சேவலும்

ஜேர்மனியில் உலகக்கிண்ணம் நடந்த வருடம், கொலோனில் என் அமெரிக்க முதலாளி தங்கள் நாட்டின் நன்றி நாள் விருந்துக்கு எங்களை அழைத்திருந்தார். சாப்பிடுமுன் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்ல வேண்டுமாம்.

மகள் என் காதுக்குள் சொன்னாள்: “அப்பா, இந்த நாள் எப்பிடி வந்ததெண்டே சண்டையாம். குடியேற வந்தவை அந்த மண்ணின்ர சனத்தோட சேர்ந்து சாப்பிட்டதெண்டு சிலர் சொல்லுகினம். அந்தச் சனத்தைக் கொன்றுபோட்டு நன்றி சொன்னதெண்டு வேற ஆக்கள். ரீச்சர் சொன்னவ. கேக்கட்டே?”

என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அந்த மனிதரின் கையில்.

வான்கோழி வந்தது. சுட்ட தோலின் மணம் என்னைப் போர்க்கால மன்னாருக்கு இழுத்துப்போனது. அரைக்காற்சட்டை வயது. தோளில் துப்பாக்கியோடு திரிந்த துவக்குக்காரர் ஊர்க்கோழிகளை அள்ளிப்போய், ஞாயிறன்று எங்களுக்கே விருந்து வைத்தார்கள். எந்தத் துவக்குக்காரர் என்று இப்போதும் சொல்லமாட்டேன், பயம். நன்றி சொன்னால்தான் சோறு. குழம்பு மணத்தோடு துவக்கு எண்ணெயும் மணத்தது. எவருக்கும் தோள் துவாயை இறக்காத அப்பா, அன்று அதைக் கக்கத்தில் செருகியிருந்தார். என் முறையில், “இது எங்கட சேவல்” என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினா.

“நன்றி ஐயா!” கண்ணீரோடு சொன்னதால் எனக்குக் கூடுதல் இறைச்சி கிடைத்தது.

இங்கே மகள் எழுந்தாள். என் கை தானாகப் போய் அவளைக் கிள்ளியது.

“ஏனப்பா கிள்ளுறியள்?”

நல்லகாலம், தமிழில் கேட்டாள்.

“என்ன சொல்கிறாள்?” என்றார் முதலாளி.

“நன்றி சொல்கிறாள்” என்றேன்.

“இல்லை” என்றாள் மகள், சுத்தமான ஜேர்மன் மொழியில்.