நடு ஹாலில் என் மனைவியின் நைட்டிகள்

என் மனைவியின் நைட்டிகளை நான் கத்தரிக்கோலால் நறுக்கினேன். கோபம் எதுவும் இல்லை, குடித்திருக்கவும் இல்லை. காபி சாப்பிட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழு நிதானத்தில், வீட்டு அலங்காரத்துக்காக நறுக்கினேன். அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவன் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். படித்ததால் வந்த வினைதான்.

மகளின் பிரசவத்துக்காக மனைவி அமெரிக்கா போயிருந்தாள். மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிக்கு ஒருவராவது இப்படித் தனித்து விடப்பட்ட ஆண் உண்டு. லிஃப்டில் ஒற்றைப் பால் பாக்கெட்டோடு நிற்பான். தண்ணீர் லாரி வந்தால் டிரைவரை நிறுத்தி நாட்டு நடப்பு பேசுவான். நானும் பேசியிருக்கிறேன். அவர் ஹாரன் அடித்துத்தான் விடைபெற்றார்.

மூன்று மாதம் என்று போனவள். பிறகு குழந்தைக்குச் சளி. பிறகு மகளுக்கு வேலைக்குத் திரும்பும் அவசரம். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாக டிக்கெட் போட்டிருந்தாள்; அதையும் மாற்றுகிற பேச்சு அங்கே நடப்பதாக எனக்குச் சந்தேகம். தினமும் காலையில் வீடியோவில் கூப்பிடுவார்கள். குழந்தை முழுதாகத் தெரியும். மனைவியின் முழங்கை மட்டும் தெரியும்.

'வந்துவிடு' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் இருவருக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. வீட்டை அழகாக்கிக் காட்டினால் அவளுக்கே வரத் தோன்றும் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் பத்திரிகையில் ஒரு வீட்டு அலங்காரக் கட்டுரை கண்ணில் பட்டது: வெள்ளைத் தரை, சாம்பல் சோபா, நடுவில் பழந்துணியால் பின்னிய வட்ட விரிப்பு. கூடத்துக்கு அது கதகதப்பைத் தருமாம். மேடவாக்கத்தில் கதகதப்புக்கு என்ன பஞ்சம் என்று எனக்கு உறைக்கவில்லை.

பருத்தித் துணிதான் வேண்டும் என்றிருந்தது. பீரோவின் அடித்தட்டில் நைட்டிகள் மடித்துக் கிடந்தன. ஆறு மாதமாக யாரும் தொடாதவை. ஆகவே பழையவை என்று முடிவு கட்டினேன்.

பின்னல் எனக்குப் புதிதல்ல. மனைவி காலையிலேயே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போய்விடுவாள் என்பதால், மகளுக்கு ரெட்டைச் சடை போட்டு அனுப்பியது நான்தான். "இறுக்காதப்பா, கண்ணு மேல போகுது" என்று கத்துவாள். இப்போதும் இறுக்கிவிட்டேன். பின்னலைச் சுருட்டிச் சுருட்டித் தைக்கத் தைக்க, விரிப்பின் விளிம்பு மேலே எழும்பி, கடைசியில் அது தரையில் கிடக்காமல் இட்லிச் சட்டி மாதிரி உட்கார்ந்தது. வீட்டிலிருந்த கனமான அகராதிகளை எல்லாம் அதன் மேல் அடுக்கினேன். பல வருடங்களுக்குப் பிறகு அவற்றுக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஓரளவு படிந்ததும் நடு ஹாலில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்து கால் வைத்தால், விரிப்பு குளியலறை வாசலில் கிடந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் உபயம்.

"அக்கா, இது ஹால்ல போடறது."

"இன்னா சார் சொல்ற? கால்மிதியப் போயி நடு ஹால்ல போட்டா வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

"வர்றவங்க யாருக்கா இருக்காங்க?"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் ஹாலில் விரிப்பேன். மறுநாள் அவர் குளியலறை வாசலுக்குக் கொண்டுபோவார். இந்த இழுபறி நான்கைந்து நாள் நடந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் வீட்டில் வேறொரு ஆள் நடமாடுவதற்கு அடையாளமாக இருந்தது அது ஒன்றுதான். சனி, ஞாயிறு அவர் வரமாட்டார். விரிப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

திங்கட்கிழமை வீடியோ அழைப்பில் செய்தி வந்தது. மகள்தான் சொன்னாள்: "அப்பா, அம்மா இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டும்பா. டிக்கெட் மாத்தியாச்சு. உங்களுக்கு ஓகேதானே?"

"எனக்கென்ன, தாராளமா" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. பிறகு போனைத் திருப்பி விரிப்பைக் காட்டினேன்.

"சூப்பர்பா! எங்க வாங்கினீங்க?"

முழங்கை நகர்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு மனைவியின் முகம் திரை முழுக்க வந்தது.

"என்னங்க, அந்த மெரூன்... அது என் நைட்டியா?"

"பழசுதானே?"

"பழசா? பிரிக்கவே இல்லைங்க அதை. திரும்பி வந்ததும் போட்டுக்கலாம்னு தனியா எடுத்து வச்சிட்டு வந்தேன். கவர்கூட இருந்திருக்குமே!"

கவர் இருந்தது. அதில்தான் துணித் துண்டுகளைப் போட்டு வைத்திருந்தேன். அவள் திட்டத் தொடங்கினாள்; வெகுநேரம் திட்டினாள். என் காதில் நின்றது ஒன்றுதான்: திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ள ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள்! டிக்கெட்டை மாற்றலாம், அதை யாரும் மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்: "அம்மா வந்துடுவாங்கக்கா. வந்து போட்டுக்கணும்னு புது நைட்டி எடுத்து வச்சிட்டுத்தான் போயிருக்காங்க."

அவர் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி குளியலறைப் பக்கம் நடந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் நல்ல சட்டைய வச்சிட்டுத்தான் சார் போனாரு. இன்னும் ஆணியிலதான் தொங்கினு கீது."