மகளைக் கீழே அனுப்பிய காலை

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் உலகப் போர் நடத்துவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஐரோப்பாவின் படத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் போட்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நடுவில் ஜெர்மனி. பக்கத்தில் 1939 செப்டம்பர் ஒன்று என்று எழுதி, அங்கிருந்து போலந்துக்குள் தடியாக ஒரு அம்பு. அடுத்த வசந்தத்தில் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒன்று. அடுத்த மாசமே ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ். "மேலே விமானம், கீழே டாங்கி, நடுவுல மாட்டுனவன் செத்தான்" என்று கையைத் தட்டிச் சொல்வேன். பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்த அம்பின் முனையில் யார் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

கடைசியில் என் மகள் போய்க் குடியேறியது அந்த அம்பின் முனையில்தான்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குப் போய்வந்து கொண்டிருந்தவள். கம்பெனியில் அவளைப் போலந்துக்கு அனுப்புகிறார்கள் என்றாள். லுப்லின் என்று ஒரு ஊர். நான் ஆடிப்போய்விட்டேன். பக்கத்து நாட்டில் வருஷக்கணக்கில் சண்டை நடக்கிறது, எல்லை தாண்டி டிரோன் வருகிறது என்று தினமும் செய்தியில் காட்டுகிறார்கள். "உலகத்துல வேற ஊரே கெடைக்கலியா உனக்கு?" என்று கத்தினேன். அன்று ராத்திரி அட்லஸை எடுத்து அந்த ஊரைத் தேடினேன். நான் வருஷா வருஷம் போடும் அம்பு அதன் மேலேயே ஏறி நின்றது.

என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "வேலை மேலயா, கீழயா?"

"நாலாவது மாடி, நைனா."

"அப்போ போவட்டும்."

அவர் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர், சுரங்கத்தை மூடும்வரை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் ராக் பர்ஸ்ட் ஆகிவிட்டது. பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிப்பதை அப்படித்தான் சொல்வோம். ஊரே ஒரு குலுக்குக் குலுங்கியது. அவரும் கூட இருந்தவர்களும் இடிபாட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். நான் மற்றப் பெண்களோடு ஷாஃப்ட் வாசலில், அவர்கள் இறங்கிப் போன குழியின் வாயில் நின்றேன். யாரும் உட்காரவில்லை. ஆள் கீழே இருக்கும்போது மேலே இருப்பவர்கள் உட்காரக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தபோது இவர் அதில் இருந்தார். இவரோடு டீ குடித்துவிட்டுப் போன ஒருவர் இல்லை.

மகள் பிறந்ததும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். என் ரத்தம் எதுவும் இனிமேல் பூமிக்கு அடியில் போகாது என்று. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே கடைப்பிடித்தார் மனுஷன்! அவள் வளர்ந்ததும் அவளிடமும் அதே வாக்கை வாங்கிக்கொண்டார். அவள் பெங்களூரில் மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி ஆட்டோ பிடிப்பாள். "நைனாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்மா" என்பாள். அப்பனுக்கேற்ற மகள், வேறென்ன சொல்ல?

இன்னொரு பாடமும் நடந்தது. சுரங்கத்தை மூடினாலும் எங்கள் ஊர்த் தரை சும்மா இருப்பதில்லை. எப்போதாவது அடியில் ஒரு தட்டு. அலமாரியில் பாத்திரம் கடகடவென்று ஆடும். அப்போது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவர வேண்டும். சுவரை விட்டுத் தள்ளி, தலைக்கு மேலே வானம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். நின்றவுடன் எல்லோரும் வந்தாயிற்றா என்று எண்ண வேண்டும். நடக்கத் தெரிந்த வயதிலேயே இதை அவளுக்குப் பழக்கியிருந்தார். பாதிக் குளியலில்கூடத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

லுப்லினில் அவள் இருந்தது பழைய காலத்துக் கட்டடம். அடியில் ஒரு நிலவறை உண்டு, உருளைக்கிழங்கும் ஊறுகாய் பாட்டில்களும் வைப்பார்கள். இவள் அதற்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கீழ்வீட்டில் தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். அந்தம்மாவின் கதையைக் கட்டடத்துக்காரர்களிடம் கேட்டு மகள்தான் போனில் சொன்னாள். அந்த 1939 செப்டம்பரில், ஜெர்மன் விமானங்கள் ஊர்மேல் குண்டு போட்டபோது அவர் சின்னப் பிள்ளை. அவருடைய அம்மா அவரை அதே நிலவறையில் உட்காரவைத்து, "நான் வந்து கூப்பிடற வரைக்கும் மேல வராதே" என்று சொல்லிவிட்டு, பால் எடுத்துவர மேலே போயிருக்கிறாள். திரும்பி வரவில்லை. பிள்ளை இருட்டில் உட்கார்ந்தே இருந்ததாம். கடைசியில் யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்களாம். இதைக் கேட்ட பிறகு அந்த அம்பைப் போடும்போதெல்லாம் எனக்குக் கை கூசியது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. நான் மாதா கோயிலுக்குப் புறப்படப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். வாராவாரம் அந்த நேரத்தில் வீடியோ போடுவாள். இவர் போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியா, குளிராகீதா" என்று வழக்கம்போல ஆரம்பித்தார்.

திடீரென்று அவள் பின்னால் இருந்த கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். அலமாரிக் கோப்பைகள் கடகடவென்று ஆடின. படம் குலுங்கியது, படிக்கட்டு தெரிந்தது, கதவு தெரிந்தது. அடுத்த நிமிஷம் அவள் முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிற வானம்.

"நைனா, வீடு ஆடுச்சு. வெளிய வந்துட்டேன்."

"சபாஷ்! செவுத்துகிட்ட நிக்காத. நடு வெளியில போய் நில்லு. மேல வானம் தெரியுதா?"

"தெரியுது நைனா."

அப்போது சைரன் ஊத ஆரம்பித்தது. எத்தனை வருஷமாகக் கையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன், மேலே விமானம் என்று! வானம் இவளுக்குத் தெரிந்தால், வானத்துக்கு இவள் தெரிய மாட்டாளா? ஐயோ, பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு அந்த நொடிவரை இது உறைக்கவில்லையே!

போனைப் பிடுங்கினேன். "கீழ போடி! அந்த நிலவறைக்குப் போ! ஓடு!"

அவளுக்குப் பின்னால் கட்டடத்துக்காரர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவது தெரிந்தது. இவள் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நின்றாள். உதடு வெளுத்துவிட்டது.

"நைனா?" என்றாள்.

"போவாத!" என்று இவர் அலறிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? கட்டடம் உழுந்தா மூடிக்கும்டி. நான் பாத்தவன்!"

சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கட்டின புருஷன் சட்டையை அதற்கு முன் நான் பிடித்ததில்லை. "இது பாறை இல்லீங்க! பாறை கீழேருந்து அடிக்கும். இது மேலேருந்து வருது! நான் சொன்னா போவ மாட்டா. நீங்க சொல்லணும். சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சைரன் மட்டும் எங்கள் கூடத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. அவரை அப்படியே அறைந்துவிடலாமா என்று எனக்கு வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"பாப்பா," என்றார் கடைசியில். "கீழ போ."

"வாக்குக் குடுத்தேனே நைனா..."

"நானே சொல்றேன். போ. படியில ஓடாத, செவுத்தத் தடவிகினே எறங்கு. நடுவுல நிக்காத, மூலையப் பாத்து உக்காரு. கூட யார் யாரு எறங்கறாங்கன்னு பாத்துக்கோ. மேல வந்ததும் மொதல்ல எனக்குச் சொல்லணும்."

புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்வதுபோல ஒன்றுவிடாமல் சொன்னார். படம் இருட்டானது. ஒரு கை சுவரைத் தடவுவது கொஞ்சநேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. லைன் போய்விட்டது.

நான் மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக். இன்னொன்று போட்டேன். அதற்கும் ஒற்றை டிக். நாற்காலியில் உட்காரப் போனேன். "எழுந்திரு" என்றார் அவர். "புள்ள கீழகீறா."

இருவரும் கூடத்தின் நடுவில் நின்றோம். கோயில் மணி அடித்தது. கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அடுப்பை அணைக்கக்கூட யாரும் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டி, "இன்னாக்கா, தீயுது?" என்று கேட்டாள். அவளுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனையே பார்த்தேன். நான்தான் போகச் சொன்னேன், ஏதாவது ஆனால் நான்தான் என்று அதே நினைப்பு மண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பயந்ததுபோல ஷாஃப்ட் வாசலில்கூட நான் பயந்ததில்லை. அங்கே கேஜ் வரும் கம்பியையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே கையில் ஒரு கண்ணாடிச் சில்லு.

போன் அடித்தது.

"நைனா, மேல வந்துட்டேன்." முகமெல்லாம் தூசி. சைரன் நின்றிருந்தது. ஆனால் ஆபத்து தீர்ந்ததென்று யாரும் இன்னும் சொல்லவில்லையாம். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

இவர் அழவில்லை. "கீழ போனவங்க எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எண்ணினாள். "கீழ்வீட்டு அம்மா மட்டும் வரல நைனா. எல்லாரும் கூப்ட்டாங்க. அசையவே மாட்டேங்கறாங்க."

"அவங்க ஊர் ஆளுங்க பாத்துப்பாங்க!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "நீ நின்ன எடத்துலயே நில்லு. போனை மட்டும் வெச்சுடாத!" கீழே போ என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். வெட்கமே இல்லாமல் இப்போது போகாதே என்று கெஞ்சினேன்.

இவர் போனை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். "ஒரு ஆளைக் கீழ வுட்டுட்டு மேல நிக்கக்கூடாது பாப்பா," என்றார். "நீ போய் இட்டுகினு வா."

மறுபடியும் இருட்டு. மறுபடியும் ஒற்றை டிக். இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "திரும்பி வரலன்னா உங்கள நான் சும்மா வுட மாட்டேன்" என்றேன். "தெரியும்" என்றார்.

இரண்டாவது முறை அழைப்பு வந்தபோது திரையில் இரண்டு முகம் இருந்தது. அந்தம்மா என் மகளின் மணிக்கட்டைக் குழந்தைபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூசும் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லாரும் மேல, நைனா."

"யார் கூப்ட்டும் வராதவங்க, உன்கூட மட்டும் எப்பிடிடி வந்தாங்க?" என்று கேட்டேன். "இன்னா சொன்ன?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க பாஷையில எனக்கு அவ்ளோ தெரியாதேம்மா. உங்கம்மா கூப்புடறாங்க, மேல வாங்கன்னேன். ஒடனே எழுந்துட்டாங்க."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார்.