புல்வெட்டி எஞ்சினும் மல்லிகாவின் நைனாவும்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்ககத்தில் புல் வெட்டினார்கள். மூன்றாவது மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குச் சத்தத்துக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. நறுக்கிய பச்சைப் புல்லும் பெட்ரோல் புகையும் கலந்த வாசனை. பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். தோட்டக்காரர் இயந்திரத்தைத் தோளிலிருந்து இறக்காமலே, "சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது என்று காதுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. நைட்டியோடு வந்து நின்று எஞ்சினுக்கு வைத்தியம் சொல்லும் பெண்ணை யார் நம்புவார்கள்?

ஆனால் அந்த எஞ்சினை எனக்குத் தெரியும். அதே போன்ற ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறியவள் நான்.

அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஒரு போட்டி வந்தது. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பெட்ரோல் கொடுப்பார்கள், கொஞ்சம்தான். அதில் யாருடைய வண்டி அதிக தூரம் போகிறதோ அவர்களுக்குப் பரிசு. வேகம் கணக்கில்லை. வண்டி என்றால் மூன்று சக்கரமும் ஒரு புல்வெட்டி எஞ்சினும் மேலே ஒரு மூடியும். ஓட்டுபவர் உள்ளே மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர். செங்கத்துக்காரன் அருள், எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கத் தோன்றும் கை அவனுக்கு. ஜமுனாமரத்தூர் மல்லிகா, எங்களில் எடை குறைந்தவள், அதனால் அவள்தான் ஓட்டுநர். நான் கணக்குப் போடுபவள். ஸ்பானர் பிடிக்க வராதவள் என்பதை அருள் அப்படி மரியாதையாகச் சொல்வான்.

கோடை விடுமுறையில் கல்லூரிப் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். மல்லிகாதான் வழி சொன்னாள். "எங்க வூட்டுக்கு வாங்க. நைனா ஜீப்பு நிறுத்துற கொட்டா பகல்ல சும்மாதான் கெடக்குது." அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவர் பெயர் பெருமாள். ஜமுனாமரத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து ஊர்களுக்கு ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்.

வண்டியின் கூட்டைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினோம். அடிபட்டுவிடக் கூடாதே என்று பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொயந்த அசையவே காணோமே, ஒடம்பு சரியில்லியா?" என்றார். அருள் போர்வையை விலக்கிக் காட்டினான். அந்த அம்மா எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குள் வளைவுகள் தொடங்கிவிட்டன. அதன் பிறகு எஞ்சின் அருள் மடிக்குப் போயிற்று, என் தலை ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

அந்தக் கொட்டகையில் நாங்கள் செய்யாதது எதுவும் இல்லை. எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தோம். காற்று போகும் வழியை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, காயலான் கடையில் கிடைத்த ஒரு பழைய மொபெட்டின் கார்புரேட்டரை மாட்டினோம். அதன் உள்ளே ஜெட் என்று ஒன்று இருக்கும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் திருகு, நடுவில் ஊசிக்கண் அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். ஓட்டை சிறியதானால் செலவும் சிறியது. அருள் இன்னும் சிறிய ஓட்டையுள்ள ஜெட் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினான். ஊசி போடும் சிரிஞ்சில் பெட்ரோலை அளந்து ஊற்றுவோம். எஞ்சின் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட அதிக நேரம் ஓடியது.

மல்லிகாவின் அம்மா சாமைச் சோறும் புளிக்குழம்பும் போடுவார். "கைய கழுவிகினு வாங்க, சோறெல்லாம் பெட்ரோலு நாத்தம்" என்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இன்றைக்கும் எங்காவது சாமைச் சோறு சாப்பிட்டால் ஏதோ ஒன்று குறைவது போல இருக்கிறது.

பெருமாளுக்குத்தான் இது பிடிக்கவில்லை. சாயங்காலம் வந்து ஜீப்பை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி ஒரு நடை நடப்பார். எஞ்சின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. கவலையெல்லாம் அந்தப் படுக்கைதான்.

"படுத்துகினு ஓட்டுவியா? படுத்தா ரோடு எப்டிம்மா தெரியும்?"

"தெரியும் நைனா. முன்னால கண்ணாடி இருக்குது."

"கவுந்துச்சின்னா?"

"கவுராது."

"நான் இத்தினி வருசமா உக்காந்துகினு ஓட்றேன். எனக்கே பயம். நீ படுத்துகினு ஓட்றியாம்."

கடைசி நாள்வரை போகலாம் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கிளம்பும் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு முதல் நடைக்குப் போய்விட்டார். மல்லிகா சாலையைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

வண்டியின் கூட்டைக் கல்லூரியிலிருந்து லாரியில் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் எஞ்சினோடு நேராகப் போட்டி மைதானத்துக்குப் போனோம். பெரிய நகரத்துக்கு வெளியே, மரமே இல்லாத வெட்டவெளி. வெயிலில் தார் மினுங்கியது. எஞ்சினைப் பொருத்தி, மல்லிகாவைப் படுக்கவைத்து மூடினோம். கொடி அசைந்தது. வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. இருமியது. நின்றது. மறுபடி இருமியது, மறுபடி நின்றது. தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம். வெளியே வந்த மல்லிகாவின் முகம் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

காரணம் புரிய வெகுநேரம் ஆனது. மலைமேல் காற்று லேசு. லேசான காற்றுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். கீழே காற்று அடர்த்தி. அந்தக் காற்றுக்கு நாங்கள் மாட்டியிருந்த ஜெட் பத்தாது, எஞ்சின் பட்டினி கிடக்கிறது. இதைப் படம் போட்டு விளக்கித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறோம், மூன்று பேருமே. பழைய ஜெட்டை மாட்டினால் சரியாகிவிடும். பழைய ஜெட் மலைமேல் கொட்டகையில் இருந்தது. அந்த மொபெட் ஜெட் சுற்றியிருந்த குழுக்கள் யாரிடமும் இல்லை.

"ஊசிய வுட்டு ஓட்டையப் பெருசு பண்ணிப் பாக்கட்டுமா?" என்றான் அருள்.

"கோணலாப் போச்சின்னா இருக்கறதும் போச்சு" என்றாள் மல்லிகா.

மறுநாள் இன்னொரு வாய்ப்பு உண்டு. மல்லிகா வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது அப்பா. பழைய ஜெட்டைத் தேடி எடுத்துவரச் சொல்லி, அது எப்படி இருக்கும் என்று விளக்கினாள். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். வருவாரா மாட்டாரா என்று அவளுக்கே தெரியவில்லை. திருவண்ணாமலையைத் தாண்டி அவர் போனதே கிடையாது என்றாள். அதைக் கேட்டதும் அருளும் நானும் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தோம்.

காலையில் மைதானத்து வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு சிமெண்ட் சாக்கு. கொண்டுவந்து எங்கள் காலடியில் கொட்டினார். ஆணி, நட்டு, உடைந்த ஸ்பானர், கருகிய பிளக், நாங்கள் தூக்கிப் போட்ட கார்புரேட்டர், உப்புத்தாள் துண்டுகள், தேய்ந்துபோன ஒரு செருப்பு.

"எது இன்னான்னு எனக்குத் தெர்ல. கீய கெடந்தத எல்லாத்தையும் அள்ளிகினு வந்துட்டேன்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து துழாவினோம். ஜெட் அந்தச் செருப்பின் அடியில் குத்திக்கொண்டிருந்தது.

மாட்டினோம். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்து, மலையில் கேட்ட அதே குரலில் ஓடியது. மல்லிகா உள்ளே படுத்தாள். மூடி இறங்கும் நேரத்தில் பெருமாள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அதனால் வண்டி முதல் சுற்று வரும்போது அவருக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை மூடி மட்டும்.

"எம்பொண்ணு எங்க?" என்று என்னைக் கேட்டார்.

"உள்ளதான் இருக்கா."

அவர் நம்பவில்லை. வேலி ஓரமாக நடக்க ஆரம்பித்தார். வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனாலும் அவர் நடைக்கு அது வேகம். அது அவரைத் தாண்டிப் போய்விடும். நின்று மூச்சு வாங்குவார். அது சுற்றி வருவதற்குள் மறுபடி நடப்பார். குனிந்து குனிந்து அந்த முன்கண்ணாடிக்குள் பார்ப்பார். வண்டி ஓடி முடியும்வரை அவர் உட்காரவில்லை.

பரிசு வரவில்லை. பட்டியலின் நடுவில் எங்கோ இருந்தோம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் பெட்ரோல் தீரும் முன்பே பழுதாகி நின்றுவிட்டன, எங்கள் வண்டி கடைசிச் சொட்டு வரை ஓடியது. மூடியைத் திறந்ததும் பெருமாள்தான் முதலில் போய்க் கையை நீட்டினார். அவள் எழுந்து நின்றாள். மொத்தம் எவ்வளவு பெட்ரோலில் ஓடியது என்று அருள் சிரிஞ்சில் அளந்து அவருக்குக் காட்டினான். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இந்த எஞ்சினு நம்ம ஜீப்ப இழுக்குமாம்மா?"

"இழுக்காது நைனா."

"அதான பாத்தேன்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அருள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். மல்லிகா வேலை செய்யும் ஆலையில் பேட்டரி வண்டிகள் மட்டுமே செய்கிறார்கள். ஜெட் என்றால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாதாம். பெருமாள் காலமாகிவிட்டார். வீட்டுக்கு வீடு இரண்டு சக்கர வண்டி வந்த பிறகு ஜீப்புக்கு ஆள் சேராமல் போய், அவர் இருக்கும்போதே அதைப் பிரித்து விற்றுவிட்டார்கள்.

போன தை மாதம் ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் சாலை இருக்கிறது. சந்தைப் பக்கத்து டீக்கடை வாசலில் ஜீப்பின் பின் இருக்கை ஒன்றைப் போட்டிருந்தார்கள். பெருமாளுடையது என்று கடைக்காரர் சொன்னார். மூன்று பேர் உட்காரக்கூடிய அதில் ஐந்து பேர் இருந்தோம். ஒரு இளைஞன் டீயோடு வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்றான். இது யார் ஜீப்பு தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவனுக்கு அவசரம் போலிருந்தது. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.